ஒன்பதில் ஒருவர்: க்ஷமா சாவந்தின் சியாட்டில் பத்தாண்டுகள்

அமெரிக்காவின் சியாட்டில் நகர மாமன்றத்தில் உறுப்பினர்கள் ஒன்பதே பேர். ஒரு சட்டம் நிறைவேற ஐந்து வாக்கு வேண்டும். 2014 தொடக்கத்திலிருந்து 2023 முடியும் வரை அங்கே இருந்த க்ஷமா சாவந்துக்கு எப்போதும் உறுதியாக இருந்த வாக்கு ஒன்றுதான்: அவருடைய சொந்த வாக்கு. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான அந்த நகரத்தில் அவர் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர் இல்லை. 'சோஷலிஸ்ட் ஆல்டர்நேட்டிவ்' என்ற சின்ன மார்க்சிய அமைப்பில் அப்போது இருந்தவர். மாமன்றத்தில் கூட்டணி கிடையாது, மேயர்களோடு நல்லுறவும் கிடையாது. ஆனாலும் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம், வாடகைக்குக் குடியிருப்போருக்கான வரிசையான சட்டங்கள், தெற்காசியாவுக்கு வெளியே முதன்முதலாகச் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த நகரச் சட்டம் என்று இந்தக் காலத்தின் பெரிய முடிவுகள் பலவற்றில் அவருடைய கை இருக்கிறது. தனி ஆளால் இது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அவர் வந்த வழியையும் அந்த நகரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாவந்த் என்ற பெயரைப் பார்த்துப் பலர் அவரை மராத்தியர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது கணவர் வழி வந்த பெயர். 1973இல் புனேயில் ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, மும்பையில் வளர்ந்தவர் அவர். 13 வயதில், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவரால் நடந்த விபத்தில் அப்பாவை இழந்தார். 1994இல் மும்பைப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பட்டம் பெற்றார். அப்புறம் திருமணம், அமெரிக்கா, மென்பொருள் பொறியாளர் வேலை. தொண்ணூறுகளில் படித்து முடித்த எத்தனையோ இந்திய இளைஞர்கள் போன பாதைதான் இது. கணவரும் மைக்ரோசாஃப்டில் பொறியாளராக இருந்தவர்.

அவர் அந்தப் பாதையில் நீடிக்கவில்லை. உலகத்திலேயே பணக்கார நாட்டில் இத்தனை பேர் ஏன் தெருவில் படுத்திருக்கிறார்கள் என்ற கேள்வி தன்னை விடவில்லை என்று அவர் பல முறை சொல்லியிருக்கிறார். ஒன்றரை ஆண்டு போல நிரல் எழுதிவிட்டு அந்த வேலையை விட்டார். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து முனைவர் பட்டம் வாங்கினார். பின்தங்கிய நாடுகளின் கிராமப்புறங்களில் முதியவர்கள் எதனால் தொடர்ந்து உழைக்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. 2006இல் சியாட்டிலுக்கு வந்தார், கல்லூரிகளில் பொருளியல் நடத்தினார், 2010இல் குடியுரிமை பெற்றார். அடுத்த ஆண்டு பொருளாதார ஏற்றத்தாழ்வுக்கு எதிரான 'ஆக்குப்பை' போராட்டம் வந்தபோது, அவர் பாடம் நடத்திய சியாட்டில் சென்ட்ரல் சமுதாயக் கல்லூரி வளாகத்துக்கே அந்தப் போராட்ட முகாம் இடம்பெயர்ந்தது. அதில் அவருக்கும் பங்கு உண்டு.

தொழில்நுட்பத் துறையிலிருந்து அரசியலுக்கு வருபவர்களிடம் நாம் பொதுவாக எதிர்பார்ப்பது வேறு. செயலி கொண்டு வருவார், கோப்புகளைக் கணினிமயமாக்குவார், நிர்வாகத்தை ஒரு நிறுவனம் போல நடத்துவார் என்று எதிர்பார்க்கிறோம். சாவந்த் அந்த வகை இல்லை. ஐடி துறை அவருக்குக் கொடுத்தது ஒரு தீர்வை அல்ல, ஒரு பார்வைக் கோணத்தை. அந்த அலுவலகங்களுக்குள் யார் எப்படி நடத்தப்படுகிறார்கள், அவற்றின் செல்வம் வெளியே யாருடைய வாடகையை ஏற்றுகிறது என்பதை உள்ளே இருந்தவராக அவர் அறிந்திருந்தார். சியாட்டிலைப் பொறுத்தவரை இதுதான் மையமான விஷயம். ஏரிக்கு அந்தப் பக்கம் ரெட்மண்டில் மைக்ரோசாஃப்ட். இந்தப் பக்கம் நகரத்தின் நடுவிலேயே அமேசான். அமேசானில் மட்டும் ஒரு கட்டத்தில் சியாட்டிலில் சுமார் 45,000 பேர் வேலை செய்தார்கள். அவர்கள் வரவால் வீட்டு வாடகை ஏறியது. அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தவர்களும் அலுவலகம் கூட்டியவர்களும் நகரத்தை விட்டுத் தள்ளித் தள்ளிப் போனார்கள்.

2012இல் வாஷிங்டன் மாநில அவைக்குப் போட்டியிட்டார். எதிரே நின்றவர் அவையின் சபாநாயகர் ஃபிராங்க் சாப். தோல்விதான், ஆனால் 29 விழுக்காடு வாக்கு, 20,000க்கு மேல். சோஷலிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் இவ்வளவு வாங்கலாம் என்பது அன்று யாரும் எதிர்பார்க்காதது. அடுத்த ஆண்டே நகர மாமன்றத்துக்கு நின்றார். 16 ஆண்டுகளாக உறுப்பினராக இருந்த ரிச்சர்ட் கான்லினை எதிர்த்து, "15 டாலர்" என்ற முதன்மை முழக்கத்தோடு.

இங்கே அந்த மாநிலத்தின் தேர்தல் முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் சாவந்தின் வாழ்க்கையில் அது மூன்று முறை வந்து நிற்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் எல்லா வாக்கும் தபால் வாக்கு. வாக்குச்சீட்டு வீட்டுக்கே வந்துவிடும். தேர்தல் நாளுக்குள் தபாலில் போட்டாலோ தெருமுனைப் பெட்டியில் சேர்த்தாலோ போதும். அன்று இரவு எண்ணி அறிவிப்பது முன்கூட்டியே வந்து சேர்ந்த சீட்டுகளை மட்டும். சீக்கிரம் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள். கடைசி நாளில் கொண்டு வந்து போடுகிறவர்களில் இளைஞர்களும் வாடகைதாரர்களும் அதிகம். அதனால் சியாட்டிலில் நாளாக நாளாக எண்ணிக்கை இடது பக்கம் சாயும். 2013 நவம்பர் 5 இரவில் பின்தங்கியிருந்த சாவந்த், பத்து நாள் கழித்துக் கான்லின் தோல்வியை ஒப்புக்கொண்டபோது முன்னால் இருந்தார். இறுதியில் வித்தியாசம் 3,151 வாக்குகள். 1916இல் பள்ளி வாரியத்துக்குத் தேர்வான ஆனா லூயிஸ் ஸ்ட்ராங்குக்குப் பிறகு, நகரம் முழுவதும் வாக்களித்த தேர்தலில் வென்ற சோஷலிஸ்ட் இவர்தான்.

மாமன்ற உறுப்பினர் சம்பளம் அப்போது ஆண்டுக்கு 1,17,000 டாலர் அளவில் இருந்தது. அதில் 40,000 டாலரை மட்டும் தான் வைத்துக்கொண்டு, வரி போக மிச்சத்தைப் போராட்ட நிதிக்குக் கொடுப்பேன் என்று அறிவித்தார், கொடுத்தும் வந்தார்.

நம் ஊரில் கவுன்சிலர் என்றால் சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய். குறைந்தபட்ச ஊதியத்தை மாநில அரசுதான் நிர்ணயிக்கும், மாநகராட்சிக்கு அதில் வேலை இல்லை. சியாட்டில் மாமன்றத்தால் அதைச் செய்ய முடியும். அன்று அமெரிக்க ஒன்றிய அரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், வாஷிங்டன் மாநிலத்தில் 9.32 டாலர். பக்கத்திலிருந்த சீடாக் என்ற சின்ன ஊர் 2013 நவம்பரில் பொது வாக்கெடுப்பு மூலம் 15 டாலருக்கு ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தது. புதிய மேயர் எட் மர்ரி முதலாளிகளையும் தொழிற்சங்கங்களையும் உட்கார வைத்து ஒரு குழு அமைத்தார். சாவந்தும் அதில் ஓர் உறுப்பினர்.

ஆனால் குழுவுக்குள் பேசுவதோடு அவர் நிற்கவில்லை. '15 நவ்' என்ற இயக்கத்தைத் தொடங்கி, மாமன்றம் சட்டம் போடாவிட்டால் கையெழுத்து திரட்டி நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்குப் போவோம் என்றார். அந்த வாக்கெடுப்பில் வரக்கூடிய சட்டம் முதலாளிகளுக்கு இன்னும் கடுமையாக இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பேச்சுவார்த்தை மேசையில் எதிர்த்தரப்பு இறங்கி வந்ததற்கு அந்தப் பயம் முக்கியக் காரணம் என்றே நான் கருதுகிறேன். 2014 ஜூன் 2 அன்று 9-0 என்று சட்டம் நிறைவேறியது. அவருக்கு முழுத் திருப்தி இல்லை. பெரிய நிறுவனங்களுக்கே மூன்று, நான்கு ஆண்டு அவகாசம், சிறியவற்றுக்கு அதைவிட நீண்ட படிக்கட்டு, டிப்ஸையும் மருத்துவச் சலுகையையும் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் வழி. இவற்றை நீக்க அவர் கொண்டு வந்த திருத்தங்கள் தோற்றன. தோற்ற பிறகு சட்டத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தார்.

அந்த ஊதிய உயர்வு யாருக்கு என்ன செய்தது என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. 2017இல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, குறைந்த சம்பள வேலைகளில் வேலை நேரம் கணிசமாகக் குறைந்துவிட்டது என்றது. அதே மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு, உணவகங்களில் சம்பளம் கூடியது, வேலையிழப்பு தெரியவில்லை என்றது. முதல் குழுவே அடுத்த ஆண்டு செய்த ஆய்வில், ஏற்கெனவே அனுபவம் உள்ள தொழிலாளர்களின் வருமானம் உயர்ந்ததையும் புதிதாக வேலைக்கு வருவோர் எண்ணிக்கை தளர்ந்ததையும் கண்டது. இரண்டு பக்கமும் முழங்குகிற அளவுக்கு விஷயம் எளிதாக இல்லை.

மாமன்றத்துக்கு வெளியே கூட்டத்தைத் திரட்டி, உள்ளே இருக்கும் எட்டுப் பேருக்கும் 'வேண்டாம்' என்று சொல்வதைக் கடினமாக்குவதுதான் அவருடைய வழி. கேட்கும்போது பெரிதாகக் கேட்பார், கிடைத்ததை வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போவார். குளிர்காலத்தில் வாடகைதாரர்களை வெளியேற்றக் கூடாது என்று ஐந்து மாதத் தடை கேட்டார். 2020 பிப்ரவரியில் மூன்று மாதம் கிடைத்தது, சிறிய வீட்டு உரிமையாளர்களுக்கு விலக்கோடு. குடியேறும்போது வாங்கும் முன்பணமும் கட்டணங்களும் சேர்ந்து ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்ற சட்டம் 2016இல் வந்தது. வெளியேற்ற வழக்கை எதிர்கொள்ளும் ஏழை வாடகைதாரருக்கு இலவச வழக்கறிஞர், வாடகையை ஏற்ற ஆறு மாத முன்னறிவிப்பு என்று 2021இல் மேலும் இரண்டு. தலைப்புச் செய்திகளில் பெரிதாக அடிபடாத இந்தச் சட்டங்கள்தான், என் பார்வையில், அவருடைய உழைப்பின் கனமான பகுதி.

அமேசானோடு நடந்த மோதல் அப்படி அல்ல, அது உலகச் செய்தியானது. வாஷிங்டன் மாநிலத்தில் அப்போது தனிநபர் வருமான வரி இல்லை. 2017இல் அதிக வருமானக்காரர்கள் மீது நகரமே வரி போட முயன்றது, நீதிமன்றம் தள்ளிவிட்டது. வீடற்றோருக்கு வீடு கட்டப் பணம் எங்கிருந்து வரும்? பெரிய நிறுவனங்களிடம் ஊழியர் ஒருவருக்கு இவ்வளவு என்று வரி வாங்கலாம் என்ற யோசனை வந்தது. முதலில் பேசப்பட்டது ஆண்டுக்கு 500 டாலர். அமேசான் புதிய கோபுரத்தின் கட்டுமானத் திட்டமிடலை நிறுத்தி வைத்தது. 275 டாலராகக் குறைத்து, 2018 மே 14 அன்று ஒருமனதாக நிறைவேற்றினார்கள். வணிகத் தரப்பு வாக்கெடுப்புக்காகக் கையெழுத்து திரட்டத் தொடங்கியதும் மாமன்றம் நடுங்கிவிட்டது. நாலே வாரத்தில், ஜூன் 12 அன்று, 7-2 என்று அதே சட்டத்தை அதே மாமன்றம் ரத்து செய்தது. எதிர்த்து நின்றவர்கள் சாவந்தும் தெரேசா மொஸ்கேடாவும் மட்டும். வெளியே கூட்டத்தைத் திரட்டும் கலை தனக்கு மட்டும் சொந்தமில்லை, பணபலம் உள்ளவர்களும் அதைச் செய்யலாம் என்பதை அந்த நாலு வாரம் சாவந்துக்கே காட்டியது.

2019 தேர்தலில் வணிகச் சபையின் தேர்தல் நிதி அமைப்புக்கு அமேசான் கொடுத்தது மொத்தம் 15 லட்சம் டாலர். அதில் பத்து லட்சத்துக்கு மேல் கடைசி மாதத்தில் வந்தது. நகர மாமன்றத் தேர்தல் ஒன்றுக்கு இது கேள்விப்படாத தொகை. தேர்தல் இரவில் சாவந்த் எட்டு விழுக்காட்டுப் புள்ளி பின்னால் இருந்தார். கடைசிச் சீட்டுகள் எண்ணி முடிந்தபோது நாலு புள்ளி முன்னால். அவ்வளவு பணம் அவருக்கே சாதகமாகத் திரும்பிவிட்டது என்று அன்று பலர் எழுதினார்கள், அதில் உண்மை இருக்கிறது. பிறகு 2020 ஜூலையில் பெரிய நிறுவனங்களின் உயர் சம்பளங்கள் மீது ஊதிய வரி வந்தது, ஆண்டுக்கு 20 கோடி டாலருக்கு மேல் எதிர்பார்ப்போடு. அந்தச் சட்டத்தை எழுதியவர் மொஸ்கேடா. ஆனால் சாவந்தின் 'டாக்ஸ் அமேசான்' இயக்கம் தெருவில் இல்லாமலிருந்தால் அது இவ்வளவு பெரிதாக வந்திருக்குமா என்பது சந்தேகம். இவர் தள்ளுவார், மற்றவர் எழுதுவார் என்ற இந்த வேலைப் பங்கீட்டை இருவருமே வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை.

சக உறுப்பினர்களுக்கு அவரோடு வேலை செய்வது எளிதாக இருந்ததில்லை. பேசி முடிக்கவேண்டிய இடத்திலும் கூட்டத்தைக் கொண்டு வந்து நிறுத்துகிறார், தொகுதிக்காரர்களைவிடத் தன் அமைப்புக்குத்தான் பதில் சொல்கிறார் என்ற குறை கடைசி வரை இருந்தது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின், 2020 ஜூனில் போராட்டக்காரர்களுக்கு நகர மண்டபத்தின் கதவை இரவில் திறந்துவிட்டார். பாதுகாப்புக் காரணமாக முகவரி ரகசியமாக வைக்கப்பட்டிருந்த மேயர் ஜென்னி டர்கனின் வீட்டை நோக்கிப் போன ஊர்வலத்தில் கலந்துகொண்டார். 'டாக்ஸ் அமேசான்' வாக்கெடுப்பு முயற்சிக்கு அலுவலக வசதிகளைப் பயன்படுத்தியது விதிமீறல் என்பதை ஒப்புக்கொண்டு, சுமார் 3,500 டாலர் கட்டித் தீர்வு கண்டார். இந்த மூன்றையும் காரணம் காட்டி அவரைத் திரும்ப அழைக்கும், அதாவது வாக்கெடுப்பு நடத்திப் பதவியிலிருந்து நீக்கும், மனு வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைத் திரும்ப அழைக்க முடியாது, காரணங்கள் சட்டப்படி போதுமானவையா என்று நீதிமன்றம் பார்க்கும். மாநில உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் அனுமதித்தது. அலுவலக வசதி விஷயத்தில் தவறு அவருடையதுதான், சின்னத் தொகை என்று அதை ஒதுக்கிவிட முடியாது. நகர மண்டபத்தை மக்களுக்குத் திறந்ததைக் குற்றமாக எண்ண எனக்கு மனம் வரவில்லை.

அந்த வாக்கெடுப்பு 2021 டிசம்பர் 7 அன்று நடந்தது. முதல் இரவு எண்ணிக்கையில் அவரை நீக்கும் பக்கம் முன்னிலை. வழக்கம்போல நாளாக நாளாகச் சாய்ந்து, 41,000 வாக்குகளில் வெறும் 310 வித்தியாசத்தில் தப்பினார்.

இனி சாதிச் சட்டம். கணினி அறிவியல் படித்த தமிழ்ப் பிராமணக் குடும்பத்துப் பெண் என்ற அவருடைய பழைய வாழ்க்கை, பொது வாழ்க்கையோடு நேராக வந்து முட்டிய இடம் இதுதான். 2020 ஜூனில் கலிஃபோர்னிய அரசின் குடிமை உரிமைத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவர் இட ஒதுக்கீட்டில் ஐஐடி படித்தவர் என்பதை மேலதிகாரி மற்றவர்களிடம் சொன்னார், புகார் செய்தபின் அவர் ஒதுக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. தனிநபர்கள் மீதான வழக்கை அரசே 2023இல் திரும்பப் பெற்றது. ஆனால் அந்த வழக்குக்குப் பின் வாய்கள் திறந்தன. கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ நிறுவனங்களில் வேலை செய்யும் 30 தலித் பெண் பொறியாளர்கள் பெயர் சொல்லாமல் ஒரு கூட்டறிக்கை விட்டார்கள். தோளில் கைபோட்டு, முதுகில் தட்டிப் பூணூல் தட்டுப்படுகிறதா என்று பார்க்கும் பழக்கத்தைப் பற்றிப் பலர் பேசினார்கள். அதற்கு அங்கே 'டாம்பிராம் தட்டு' என்று பெயர் இருக்கிறது என்றால், நம்மவர்கள் விமானத்தில் எதையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதை நாம் கொஞ்சம் வெட்கத்தோடு யோசிக்க வேண்டும்.

இந்தியப் பொறியாளர்கள் நிறைந்த அலுவலகத்தில் அமெரிக்க மனிதவளத் துறைக்கு இதெல்லாம் கண்ணில் படாது. நிறத்தைப் பற்றிப் புகார் கொடுக்கலாம், மதத்தைப் பற்றிக் கொடுக்கலாம். சாதி என்ற கட்டம் புகார்ப் படிவத்திலேயே இல்லை. சாவந்த் செய்தது அந்தக் கட்டத்தைச் சேர்ப்பதுதான். வேலை, வீட்டு வாடகை, பொது இடங்கள் ஆகியவற்றில் பாகுபாடு காட்டக் கூடாது என்று நகரச் சட்டம் ஏற்கெனவே அடுக்கியிருந்த பட்டியலில் சாதியையும் சேர்க்கும் மசோதாவைக் கொண்டு வந்தார். தமிழ்க் குடியேறிகளின் மகளான தேன்மொழி சௌந்தரராஜனின் 'ஈக்வாலிட்டி லேப்ஸ்' அமைப்பும் அம்பேத்கரிய அமைப்புகளும் துணை நின்றன.

தன் சாதியை அவர் மறைக்கவில்லை. மிகவும் நேசித்த தன் தாத்தா, வீட்டு வேலைக்கு வந்த பெண்ணை இழிசொல்லால் கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்ததைச் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். ஆதிக்க சாதியிலிருந்து வந்து பதவியில் இருப்பவர்கள் இப்படிப் பேசுவது அபூர்வம்.

எதிர்ப்பும் வலுவாக இருந்தது. இந்து அமெரிக்கன் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள், தெற்காசியர்களை மட்டும் சந்தேகக் கண்ணோடு பார்க்க வைக்கும் சட்டம் இது என்றன. அமெரிக்காவில் சாதிப் பாகுபாடு எவ்வளவு பரவலானது என்பதில் கணக்கெடுப்புகள் வெகுவாக வேறுபடுவதையும் சுட்டிக்காட்டினார்கள். அது உண்மைதான். ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதற்காகப் பாதிக்கப்பட்டவருக்கு வழக்குப் போடும் உரிமையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. மற்ற எந்தப் பாகுபாட்டுக்கும் நாம் அப்படிக் கேட்பதில்லை. 2023 பிப்ரவரி 21 அன்று 300க்கு மேற்பட்டவர்கள் பேச அனுமதி கேட்டிருந்தார்கள், குளிரில் விடியற்காலையிலேயே வாசலில் வரிசை நின்றது. 6-1 என்று சட்டம் நிறைவேறியது.

அதே ஆண்டு செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரம் பின்தொடர்ந்தது. கலிஃபோர்னிய மாநிலச் சட்டமன்றமும் ஒரு மசோதாவை நிறைவேற்றியது, ஆளுநர் கேவின் நியூசம் அக்டோபரில் அதைத் தடுத்துவிட்டார். இருக்கும் சட்டங்களே போதும் என்பது அவர் சொன்ன காரணம்.

சாதிச் சட்டத்துக்கு முந்தைய மாதமே, மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று சாவந்த் அறிவித்துவிட்டார். 'ஒர்க்கர்ஸ் ஸ்டிரைக் பேக்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2025 தொடக்கத்தில் பெங்களூரில் உடல்நலமில்லாமல் இருந்த அம்மாவைப் பார்க்க அவசர விசா கேட்டபோது இந்திய அரசு மறுத்தது. 2020 பிப்ரவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகச் சியாட்டில் மாமன்றத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறக் காரணமாக இருந்ததற்கான பழிவாங்கல் இது என்று அவர் சொன்னார். ஒரு நகர கவுன்சிலரின் தீர்மானம் ஒரு மகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் காரணமாகலாம் என்பது மனதை வாட்டுகிறது. அதே ஆண்டு ஜூனில், ஜனநாயகக் கட்சியின் நெடுநாள் உறுப்பினர் ஆடம் ஸ்மித்தை எதிர்த்து அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கு 2026இல் சுயேச்சையாகப் போட்டியிடப்போவதாக அறிவித்தார். அங்கே 435 பேர். ஒன்பது பேர் உள்ள அறையின் வாசலில் கூட்டம் நிறுத்தியதுபோல அங்கே நிறுத்துவது வேறு அளவிலான வேலை.

சியாட்டிலில் அவர் இடத்துக்கு வந்த ஜாய் ஹாலிங்ஸ்வொர்த், 2024 கோடையில் ஒரு மசோதா கொண்டு வந்தார். சிறு உணவகங்கள் டிப்ஸையும் மருத்துவச் சலுகையையும் காட்டிக் குறைந்த சம்பளம் கொடுக்கும் வழி அந்த ஆண்டோடு முடியவிருந்தது, அதை நிரந்தரமாக்க வேண்டும் என்பது கோரிக்கை. பத்தாண்டுக்கு முன் சாவந்த் நீக்க முயன்று தோற்ற அதே வழிதான் அது. தொழிலாளர்கள் எதிர்த்தார்கள், சில வாரங்களில் மசோதா கைவிடப்பட்டது. 2025 ஜனவரி 1 அன்று பெரிய நிறுவனம், சின்னக் கடை என்ற வித்தியாசமில்லாமல் சியாட்டிலில் எல்லாருக்கும் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 20.76 டாலர் ஆனது.